சர்ப்பகந்தா வேரும் இரண்டாம் மண்டலமும்

மூக்கடைப்பு மிகச் சிறிய உபாதை. நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துப் போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஆவி பிடித்தால் போய்விடும். மார்கழியில் விடியுமுன் தண்ணீரில் தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் பாடப் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஆண்டுதோறும் வருவது. ஆகவே என் தம்பிக்கு அது வந்தபோது நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பெரிதாக எண்ண வேண்டும் என்று ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுத் தலையசைத்து வந்தவனும் நானே.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நான் காஞ்சிபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். எங்களுடையது பட்டு நெய்யும் சைவக் குடும்பம். எனக்கு எட்டு வயது இளையவனான என் தம்பி தறியில் உட்கார்ந்தான். நான் படிப்பின் பக்கம் போனேன். நான் மணம் செய்துகொள்ளவில்லை. அவனுக்கு மனைவி உண்டு, குழந்தை இல்லை. அந்த வீட்டில் நாங்கள் மூவரே. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்த்து நெய்யும் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். அவன் நடுவில் இருந்து நெய்வான். அவள் ஓரத்தில் உட்கார்ந்து, குறுக்கிழையைக் கொண்டுபோகும் கரை நாடாவை வீசுவாள். அவன் வீச, இவள் வீச, பேச்சும் கேலியும் அந்த நாடாக்களோடு போய்வரும்.

மாலையில் நானும் அவனும் தெருக்கோடியில் இருந்த சிவன் கோயிலுக்குப் பதிகம் பாடப் போவோம். எங்கள் கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. ஒருவர் முதலடியை எடுத்துப் பாடி நிறுத்துவார்; மற்றொருவர் அடுத்த அடியை வாங்கிப் பாடுவார். முதலடி என்னுடையது, இரண்டாமடி தம்பியுடையது. சொற்பொருள் என்னிடம் இருந்தது. எந்தச் சொல் எங்கே பிரியும், எந்தத் தலத்தில் எந்தப் பதிகம் பிறந்தது என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவன் வாய் திறந்து இரண்டாமடியை வாங்கும்போதுதான் நான் பாடியதன் பொருள் எனக்கே விளங்கும். இதை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஐப்பசியில் அவனுக்கு நோய் கண்டது. அதை நோய் என்று முதலில் நாங்கள் அறியவில்லை. மழைக்காலம், தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை நின்றிருந்தது. ஒரு நாள் காலையில் கோயிலுக்குப் போனவன் மதியமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது ஒரே பதிகத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தான். கண்கள் ஒளிர்ந்தன, குரல் அதுவரை நான் கேளாத உயரத்தில் நின்றது. நின்றிருந்தவர்களில் இருவர் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கும் மெய்சிலிர்த்தது. நான் வாழ்நாளெல்லாம் படித்த அருள் என்பது என் வீட்டிலேயே இறங்கிவிட்டது என்று நம்பினேன்.

வீட்டில் அவன் மனைவி அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. மூணு நாளா இந்த மனுசன் கண்ண மூடல. சோறு போட்டா தட்ட தூக்கிக்கினு போயி ரோட்ல போறவனுக்குக் குடுக்குது. ராத்திரி பூரா என் தலமாட்டுல குந்திக்கினு பேசிக்கினே இருக்குது. நீங்க கால்ல விழுந்துட்டு வந்தீங்களா?”

விழவில்லை என்றேன்.

“விழுந்திருப்பீங்க. மூஞ்சிய பாத்தா தெரியுது.”

நான்காம் நாள் தறியில் முக்கால் பங்கு முடிந்திருந்த சேலையைக் கத்தரியால் வெட்டி, இறைவனுக்குப் பரிவட்டம் என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். ஆறாம் நாள் தேர்முட்டியில் ஏறி நின்று, கீழே குதித்தால் நேரே சிவன் திருவடியில்தான் விழுவேன் என்று சிரித்தான். அன்று அவனை இறக்குவதற்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவைக்கச் சொன்னார்கள் உறவினர்கள். சங்கிலி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் மனைவி எழுந்து போய் வாசற்கதவைத் தாழிட்டாள்.

மாகறலில் ஒரு வைத்தியர் இருந்தார். நிலம் உழுது பயிர் செய்பவர். வைத்தியம் அவர் தகப்பனார் வழியாக வந்தது. அவ்வூர்ச் சிவனைத் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர், நான் சொன்னதை முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். அதில் விரல் பருமனில் வளைந்து நெளிந்த வேர்கள் இருந்தன. மேல்தோல் மங்கிய பழுப்பு நிறம். ஒடித்தால் உள்ளே வெளுப்பு. மணம் என்று எதுவும் இல்லை.

“சர்ப்பகந்தா. நம்ம மண்ணுல வராது. திருப்பதி மலப்பக்கத்துலேர்ந்து ஒருத்தன் எடுத்தாருவான். சிவனமல்பொடின்னும் சொல்வாங்க வாத்தியாரே.”

அந்த இரண்டாம் பெயரைக் கேட்டதும் என் கைகள் தாமாகவே குவிந்தன. அவர் சிரித்தார்.

“வேருக்கு எதுக்கு கும்பிடு? நல்ல வேரு. ஆனா மொரட்டு வேரு. காலைல ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, தேன்ல கொழச்சிக் குடு. மொதல்ல தூக்கம் வரும். அப்புறம் தெளிவு வரும். ஒரு மண்டலம் ஆவும்னு வச்சிக்கோ. கேக்குதா? மூக்கு அடைச்சா நிறுத்திடு. நிறுத்திட்டு என்னாண்ட வா. மூக்கு அடைக்கிறது, வேரு போதும்னு சொல்றது.”

“சரி ஐயா” என்றேன். அவர் சொன்னவற்றில் ‘மண்டலம்’ என்ற சொல்லே எனக்குள் நின்றது. நாற்பத்தெட்டு நாள் என்பது எனக்கு வைத்தியக் கணக்கன்று, விரதக் கணக்கு. பேருந்தில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்: அவனுக்கு நாற்பத்தெட்டு நாள் மருந்து, எனக்கு நாற்பத்தெட்டு நாள் ஒருவேளை உணவு. ஒவ்வொரு முறையும் ஒரு பதிகம் பாடித் திருநீறு இட்ட பிறகே மருந்தை அவன் வாயில் வைக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் விரதம் முறியும்; முறிந்தால் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் வைத்தியர் சொல்லவில்லை. நானே வகுத்து, நானே இறைவன்முன் சொல்லிக்கொண்டேன். மூக்கடைப்பைப் பற்றி வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்லத்தக்க பெரிய செய்தியாக அது தோன்றவில்லை.

கார்த்திகை பத்தாம் தேதி தொடங்கினோம். முதல் வேளை வாயில் வைத்தவுடன் அவன் முகம் கோணியது.

“ஐயோ அண்ணா! இதுக்கு வேப்பெண்ண அல்வா மாதிரி இருக்குமே.”

நான்காம் நாள் அவன் உறங்கினான். பத்து நாளில் பேச்சு நிதானப்பட்டது. இருபதாம் நாள் தறிக்குழியைத் துடைத்துச் சாம்பல் தூவி உலர்த்தி, தானே இறங்கி உட்கார்ந்தான். கரை நாடாவைக் கையில் எடுத்த அவன் மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இறைவனுக்குரியது என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் அது அந்த வேருக்குரியது. அந்த இருபது நாளும் வேர் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. அதை மறுத்தால் நான் பொய்யனாவேன்.

மார்கழி பிறந்தது. அவனும் என்னோடு விடியலில் பாட வந்தான். நான்கைந்து நாளில் மூக்கடைத்துக்கொண்டது. குரல் மூக்கில் மோதித் திரும்பியது. எங்கள் கூட்டத்தில் ஏழு பேருக்கும் அப்போது மூக்கடைப்புத்தான். கோயில் மண்டபத்தில் பதிகத்தைவிடத் தும்மலே மிகுதியாகக் கேட்கும். நொச்சி ஆவி பிடிக்கச் சொன்னேன். மருந்தை நிறுத்தவில்லை. முப்பதாம் நாள் வாக்கில் அவன் சற்றே மந்தமானான். இலையில் சோற்றைப் போட்டால் உடனே கை வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். விடியற்காலையில் எழுகிறவன்தானே, களைப்பு என்றேன்.

முப்பத்துமூன்றாம் நாள் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு முதியவர் இறந்தார். எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. தீட்டு நாட்களில் எங்கள் வீட்டில் பூசைமாடத்து விளக்கை ஏற்றுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, பதிகமும் பாடுவதில்லை. சாவு வீட்டிலும் பதிகம் பாடலாம், பாடவும் வேண்டும் என்று சொல்லும் சைவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. என் தந்தை அதை ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. பதிகம் இல்லை என்றால் திருநீறு இல்லை. திருநீறு இல்லை என்றால் மருந்தும் இல்லை. வேர்ப்பொடி இருந்த சிமிழைப் பூசைமாடத்திலேயே வைத்து மூடினேன். விரதம் முறிந்துவிட்டது என்று வருந்தினேன். அந்தத் தீட்டு அவனுக்கு வந்த வாழ்வு என்பது எனக்குத் தெரியவில்லை.

மருந்தில்லாத ஏழாம் நாள் அவன் மூக்குத் திறந்தது. பத்தாம் நாள் காபி கேட்டான். பன்னிரண்டாம் நாள் உணவில் உப்புக் குறைந்திருந்ததற்கு, “அண்ணா, இவ உப்பு போட மறந்துட்டாளா, இல்ல உன் விரதத்துல என்னயும் சேத்துட்டியா?” என்றான். அவள் சிரித்துவிட்டு, “ஒங்கண்ணன் சாப்பிடறதே ஒரு வேள. அதுலயும் உப்பப் பத்திப் பேசாது. நீ பேசு” என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட கேலி அது.

பதினான்காம் நாள் பிற்பகல். பள்ளி விடுமுறை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தறியின் ஓசைக்கு நடுவே, தாழ்ந்த குரலில், அவன் பாடத் தொடங்கினான். மார்கழியின் பிற்பாதியில் கோயிலுக்குப் போக முடியாத ஏக்கம் அந்தக் குரலில் இருந்தது. உன்மத்தத்தின் உயரம் அதில் இல்லை. மூக்கின் அடைப்பும் இல்லை. என் தம்பியின் குரல், அவ்வளவுதான். நான் பாடாத முதலடியை மனத்தில் கேட்டுக்கொண்டு, இரண்டாமடியிலிருந்து எடுத்தான்.

நான் எழுந்து போய்த் தறியருகில், கரையோரம் இருந்த அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“தீட்டுடா. பாடக்கூடாது” என்றேன்.

“மறந்துட்டேன்ணா” என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். நாடா மறுபடியும் ஓடியது.

அதற்குப் பிறகு அவன் பாடி யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை என் நெஞ்சில் அச்சம் புகுந்தது. ஐப்பசியிலும் பாட்டில்தான் தொடங்கியது என்பது நினைவுக்கு வந்தது. நோய் திரும்புகிறது, விரதம் முறிந்ததால்தான் திரும்புகிறது என்று தீர்மானித்தேன். அவன் தெளிவு முழுவதையும் முன்பு கொடுத்த மருந்தின் கணக்கிலும், அவன் பாட்டு முழுவதையும் நோயின் கணக்கிலும் எழுதினேன். தை முதல் நாள் பொங்கல் பானை இறங்கியதும், சிமிழைத் திறந்து முதல் நாள் என்று மறுபடியும் எண்ணத் தொடங்கினேன்.

இந்த முறை அவன் கசப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் மூக்கடைத்தது. மார்கழி போய்விட்டிருந்தது, விடியற்காலைக் குளியலும் இல்லை, எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சளி இல்லை. நான் அதைக் கண்டேன். கண்டும், மாகறல் களத்தில் கேட்ட சொல் நினைவுக்கு வந்தும், எண்ணிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டேன். இன்னும் முப்பத்தெட்டு நாள்தானே, முடிந்ததும் போய்க் கேட்போம் என்றேன் எனக்குள்.

பத்தொன்பதாம் நாள் அவன் மனைவி என்னைத் தனியே அழைத்தாள்.

“மாமா, நிறுத்திடலாம்.”

“எதம்மா?”

“அந்தப் பொடிய. உங்க தம்பிக்குக் கை நடுங்குது. இழ அறுந்தா முடிச்சுப் போட முடியல. நேத்து நான் கரய வீசிட்டு உக்காந்திருக்கிறேன், உக்காந்திருக்கிறேன், அங்கேர்ந்து நாடா வரல. திரும்பிப் பாத்தா கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது. ஏன்யா அழறேன்னா, அழறனான்னு என்னயே கேக்குது.”

“நடுவில் விட்டால் முதலுக்கே மோசம்மா. சாமிக்குச் சொன்ன கணக்கு. இன்னும் இருபத்தொன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டால்...”

“யாரு பல்ல மாமா?” என்றாள்.

அன்று மாலையும் பதிகம் பாடினேன். இறைவனையே மருந்து என்று போற்றும் பாடல்கள் எனக்கு நூற்றுக்கணக்கில் மனப்பாடம். அவற்றில் ஒன்றைப் பாடித் திருநீறு இட்டு, அவன் உதட்டைத் திறந்து பொடியை வைத்தேன். அவன் குழந்தையைப் போல விழுங்கினான்.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்தன. ஒரு வேளைகூடத் தவறவில்லை. முடிவு நாளில் கோயிலில் பால் அபிடேகம் செய்வித்தேன். அவனைக் கைபிடித்து நடத்திச் சென்று சந்நிதியில் நிறுத்தி, முதலடியைப் பாடி நிறுத்தினேன். அவன் நின்றான். வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை பாடி நிறுத்தினேன். குருக்கள் திரையை விலக்கிவிட்டுக் கையில் தீபத்தோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூட்டத்தில் யாரோ ஒருவர், சங்கடம் தாளாமல், இரண்டாமடியை முணுமுணுத்து முடித்தார்.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு மாகறலுக்குப் போனோம். அவன் மனைவியும் வந்தாள். வைத்தியர் நாடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இமையை விலக்கினார், கையை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்தார்.

“மூக்கு அடைச்சுதா?”

“அடைச்சுதுங்க. ரெண்டு தபா” என்றாள் அவள்.

அவர் தலை என் பக்கம் திரும்பியது. “சொன்னனே வாத்தியாரே.”

நான் மண்டலக் கணக்கையும், தீட்டையும், மறுபடி தொடங்கியதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தளர்ந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“வேருக்கு உன் கணக்கு தெரியுமாய்யா? அதுக்கு உடம்புதான் தெரியும். அரக்கு வச்சி அடச்ச பொட்டிய, அரக்க மட்டும் உருக்கித் தொறக்கச் சொல்லி நெருப்பு குடுத்தேன். நீ பொட்டியோட எரிச்சிட்டியே.”

பேருந்தில் தம்பி சன்னலோரம் உட்கார்ந்தான். வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று சொல்ல முடியாது. முகம் அந்தப் பக்கம் இருந்தது. ஊர் நெருங்கியதும் அவள் கேட்டாள்:

“அப்ப ஒங்களுக்குத் தெரியுமா மாமா?”

“மார்கழிச் சளி என்று நினைத்துவிட்டேன்மா.”

“தையிலயுமா?”

அந்தக் கேள்வியோடு நான் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாலாஜாபாத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருபவர், என்னைவிட இளையவர். கோயில், குளம் என்று போகாதவர். ஆயினும் என்னிடம் மரியாதை உள்ளவர். ஆசிரியர் அறையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வேரைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

“அந்த வேர்ல ஒரு சரக்கு இல்ல சார், பல சரக்கு இருக்குது. ஆல்கலாய்டுன்னு சொல்வோம். அதுல ஒண்ணுக்குப் பேரு ரெசர்பின். அத வேர்லேர்ந்து தனியாப் பிரிச்சி மாத்திரையாவே ஆஸ்பத்திரியில குடுக்கறாங்க. ரத்தக் கொதிப்புக்கும் குடுக்கறாங்க, சித்தப் பிரமைக்கும் குடுக்கறாங்க. உங்க வைத்தியர் குடுத்தது தப்பான மருந்தே இல்ல.”

“பிறகு ஏன் இப்படி?”

“நரம்பு முனைங்கள்ல ஒரு இருப்பு இருக்குது சார். மனசு சுறுசுறுப்பா இருக்கறதுக்கு அதுதான் முதல். இந்தச் சரக்கு அந்த இருப்ப வெளிய தள்ளிடும். அதனாலதான் வெறி அடங்குது. ஆனா நிறுத்தற இடத்துல நிறுத்தலன்னா மொத்தமும் காலி ஆயிடும். மறுபடி சேர்றதுக்கு நாளாகும். மாத்திரைன்னா அளவு தெரியும். வேர்ல எவ்ளோ இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? தோல்ல அதிகம், உள்ள கம்மி. ஒரு வேருக்கும் இன்னொரு வேருக்கும் ஒத்து வராது. அதனாலதான் அந்த வைத்தியர் எடைய நம்பாம மூக்க நம்பினாரு. கெட்டிக்காரர் சார்.”

நான் நெசவு வீட்டில் பிறந்தவன். அவர் சொன்னது எனக்குத் தறியாகவே தெரிந்தது. நாடாவுக்குள் இருக்கும் தார்க்குழலில் சுற்றிய நூல் தீர்ந்துபோனாலும் நாடா ஓடும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முன்போலவே போய்வரும். ஓசையிலும் மாற்றம் இராது. சேலை மட்டும் ஓர் இழைகூட வளராது.

“சேர்ந்துவிடுமா?” என்று கேட்டேன்.

“சேரணும் சார்” என்றார். சேரும் என்று அவர் சொல்லவில்லை.

சேரவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். தலையில் மின்சாரம் வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் முகத்தில் ஓர் அசைவு தெரிந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அந்த மருத்துவர் நேர்மையானவர். வேரினாலும் இருக்கலாம், இந்த நோய்க்கே வெறி ஒரு பக்கமும் சோர்வு மறுபக்கமும் உண்டு, வேர் கொடுக்காவிட்டாலும் இப்படி ஆகியிருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. குற்றவாளி என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

அவன் எட்டாண்டு இருந்தான். தறியில் உட்கார்ந்தான், நெய்தான். கரையோரம் உட்கார்ந்து அவள் முன்போலவே பேசிக்கொண்டிருப்பாள். அவன் பக்கத்துப் பேச்சையும் சில நேரம் அவளே சேர்த்துப் பேசிவிடுவாள். “நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். கத்திரிக்கா வேணாம்பே. வேணாம்னா இரு” என்பாள். அவன் தலையசைப்பான்.

ஒருமுறைதான் நான் அவனிடம் கேட்டேன். பங்குனித் திருவிழாவில் சுவாமி எங்கள் தெரு வழியே எழுந்தருளிய மாலை. நாகசுரம் முழங்குகிறது, அவன் வாசலில் கைகூப்பி நிற்கிறான். கைகூப்புவதில் குறையில்லை.

“உனக்கு இது கேட்கிறதாடா?” என்றேன்.

“எல்லாம் கேக்குதுண்ணா” என்றான். சுவாமி எதிர்வீட்டைக் கடந்த பிறகு, கேட்டதற்கு மரியாதையாகப் பதில் முடிக்க வேண்டும் என்பதுபோல, “உள்ள போவல” என்றான்.

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தியவனை நான் பாடி வளர்ந்தேன். உள்ளே இறங்கவிடாமல், வெளியே உமிழாமல், அங்கேயே நிறுத்தத் தெரிந்தவன் அவன். எவ்வளவு உண்பது, எங்கே நிறுத்துவது என்ற அறிவே அந்தக் கதையின் உயிர் என்பதை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை. நூறு முறை வகுப்பில் பொருள் சொல்லியிருக்கிறேன். நிறுத்தத் தெரியாத என் கையில் என் தம்பியை ஒப்படைத்த அந்த இறைவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று என்னிடம் உண்டு. கேட்டால் விடை வராது என்பதும் எனக்குத் தெரியும். பாடுவதை நான் விடவில்லை. பழக்கத்தால் பாடினேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் அவன் போனான். பெரிய நோயில்லை. எதிர்த்து நிற்க அவனிடம் எதுவும் மிச்சமில்லை, அவ்வளவே.

பதினாறு நாள் தீட்டு. பூசைமாடத்து விளக்கை ஏற்றவில்லை. பாதி நெய்த சேலை தறியில் அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள் பிற்பகலில் நான் தறியருகில் போய் உட்கார்ந்தேன். அவன் கடைசியாகப் பாடிய பதிகம் நினைவுக்கு வந்தது. அன்று அவன் என் முதலடிக்குக் காத்திராமல் இரண்டாமடியிலிருந்து எடுத்திருந்தான். அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த முதலடி என்னிடமே தங்கிவிட்டது. இனி எந்த நியமம் முறிந்தால் எனக்கு என்ன என்று தோன்றியது. வாய் திறந்து முதலடியைப் பாடினேன். பாடி, வழக்கம்போல, நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். முறத்தில் அரிசி இருந்தது. கண்ணில் கோபம் இல்லை.

“தீட்டு மாமா” என்றாள். “பாடக்கூடாது.”

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.